பக்கத்தில் பாடும் பாட்டு

ஸ்ப்ரிங்ஃபீல்டு ஊர்க்கூட்டம். அணுக்கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியதற்காக ஆலை முதலாளி கட்டிய 30 லட்சம் டாலர் அபராதம் ஊரின் கையில் இருக்கிறது. விரிசல் விட்டுக் கிடக்கும் கடைத்தெருச் சாலையைச் சரிசெய்யலாம் என்கிறாள் மார்ஜ் சிம்ப்ஸன். கூட்டமும் ஏறக்குறைய தலையாட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து வைக்கோல் தொப்பி போட்ட ஒருவன் எழுந்து வருகிறான். தன்னிடம் ஒரு யோசனை உண்டு, ஆனால் இந்த ஊருக்கு அது தாங்காது, பக்கத்து ஊர் ஷெல்பிவில்லுக்குத்தான் லாயக்கு என்று பிகு பண்ணுகிறான். ரோஷம் பற்றிக்கொள்கிறது. சற்று நேரத்தில் ஊரே, அவன் விற்க வந்த ஒற்றைத் தண்டவாள ரயிலின் பெயரை 'மோனோரயில், மோனோரயில்' என்று பாடிக்கொண்டு தெருவில் இறங்குகிறது.

'த சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1993 ஜனவரியில் ஒளிபரப்பான அத்தியாயம் இது. எழுதியவர், பிற்பாடு நள்ளிரவு அரட்டை நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற கோனன் ஓ'பிரையன். முதல் தடவை பார்த்தபோது இது எதைக் கிண்டல் செய்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்தேன். பல வருடம் கழித்து 'த மியூசிக் மேன்' பார்க்க வாய்த்தது. 1957இல் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் மேடையேறி, 1962இல் படமான இசை நாடகம். ஹரால்டு ஹில் என்ற ஏமாற்றுக்காரன் ஒரு சின்ன ஊருக்கு வருகிறான். ஊர் பில்லியர்ட்ஸ் கூடத்தில் புதிதாக வந்திருக்கும் பூல் (pool) மேசை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பாட்டாலேயே பீதி கிளப்புகிறான். அதற்கு மருந்தாக இல்லாத பேண்டு வாத்தியக் குழுவை விற்கிறான். பேச்சும் பாட்டும் அல்லாத அந்த ஓட்டம், தொப்பி, கூட்டத்தைத் தொற்றிக்கொள்ளும் வேகம் எல்லாம் அப்படியே இருந்தன. மறுபடி மோனோரயில் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் சிரிப்பு வந்தது, ஆனால் வேறு இடங்களில்.

இந்த இரண்டு சிரிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தொலைக்காட்சி இசை நகைச்சுவையில் பகடி, மரியாதை, மேற்கோள் என்று நாம் பிரித்துப் பேசுவதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. காளமேகப் புலவர் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் பாடியது போன்ற சங்கதி. பாம்பு மட்டும் தெரிந்தவனுக்கும் பாட்டு முழுசாகவே இருக்கவேண்டும். எள்ளும் தெரிந்தவனுக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கவேண்டும்.

பகடிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பாரடி என்ற சொல்லே பாட்டிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கத்தில் அல்லது எதிரில். 'ஓடே' என்றால் பாட்டு. ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் நின்று பாடப்படும் இன்னொரு பாட்டு. தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெகெமோன்தான் முதலில் பகடிகளை இயற்றியவர் என்று அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் சொல்கிறார். ஆகவே இசை நகைச்சுவை பகடியைக் கடன் வாங்கவில்லை. பகடி பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம். கனடிய ஆய்வாளர் லிண்டா ஹட்சன் 1985இல் வெளியிட்ட தன் நூலில் பகடியை 'விமர்சன இடைவெளியோடு திரும்பச் சொல்வது' என்று விளக்கினார். கேலி கட்டாயம் இல்லை, இடைவெளிதான் கட்டாயம் என்பது அதன் சாரம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விளக்கம். பகடி என்றாலே மட்டம் தட்டுவது, மரியாதை என்றாலே கைகட்டி நிற்பது என்ற பாகுபாட்டை அது உடைத்துவிடுகிறது.

மோனோரயில் பாட்டுக்கே திரும்புவோம். அதில் ஒரு நொடி உண்டு. ஊரே ஆடிக்கொண்டிருக்கும்போது மார்ஜ் மட்டும், சாலை இன்னும் உடைந்துதானே கிடக்கிறது என்கிறாள். அந்த வரி முடியும் ஓசைக்கு இயைபாகவே பார்ட் பதில் பாடுகிறான்: மன்னிச்சுக்கோ அம்மா, கும்பல் முடிவெடுத்துவிட்டது. பாட்டை எதிர்த்து அவள் சொன்ன சொல்லே பாட்டின் ஈரடிக்கு முதல் அடி ஆகிவிடுகிறது. கூட்ட வெறி எதிர்ப்பை அடக்குவதில்லை, தாளத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. 'த மியூசிக் மேன்' பார்த்திராதவனுக்கும் இது புரியும். பார்த்தவனுக்கு இன்னொன்று புரியும்: மூல நாடகத்தில் ஹரால்டு ஹில் காதலில் விழுந்து திருந்துகிறான், ஊரும் அவனை மன்னித்துவிடுகிறது. இங்கே அந்த ஏமாற்றுக்காரன் பணத்தோடு விமானம் ஏறுகிறான். ஏற்கனவே அவனிடம் ஏமாந்த இன்னொரு ஊரில் விமானம் நிற்க, அங்கே உதை வாங்குகிறான். மன்னிப்பு கிடையாது. அந்த மாற்றம்தான் விமர்சனம். அவ்வளவு வசீகரமான ஒருவனை நாம் ஏன் இவ்வளவு சுலபமாக மன்னித்தோம் என்று மூலத்தின் ரசிகனிடமே கேட்கிறது.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 1992 அக்டோபரில், அதே தொடர் செய்த இன்னொரு வேலை இதைவிடத் துணிச்சலானது. டென்னசி வில்லியம்ஸின் 1947ஆம் வருட நாடகமான 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' என்பதை உள்ளூர் நாடகக்குழு இசை நாடகமாகப் போடுகிறது, மார்ஜ் கதாநாயகி. மூலத்தில் நாயகி பிளான்ஷ், மனம் சிதைந்து மனநல விடுதிக்கு அழைத்துச் செல்லப்படும்போது, முன்பின் தெரியாதவர்களின் தயவை நம்பியே நான் வாழ்ந்திருக்கிறேன் என்பாள். நாடகத்தின் ஆகக் கொடூரமான வரி அது. சிம்ப்ஸன்ஸ் மேடையில் மொத்தக் குழுவும் வரிசையாக நின்று, சிரித்த முகத்தோடு, முன்பின் தெரியாதவர்களை நம்புங்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று அதையே கும்மாளமாகப் பாடி முடிக்கிறார்கள். கிண்டல் வில்லியம்ஸ் மீது இல்லை. எந்தத் துயரத்தையும் கடைசிக் கூட்டுப்பாட்டில் சர்க்கரைப் பாகாக்கிவிடும் இசை நாடகப் பழக்கத்தின் மீது. ஆனால் அதே அத்தியாயத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் திட்டும் ஒரு பாட்டும் இருந்தது. லண்டனைச் சாக்கடை என்று வர்ணிக்கும் 'ஸ்வீனி டாட்' இசை நாடகப் பாட்டின் சாயல். ஒளிபரப்புக்கு முன்பே அதன் வரிகள் மட்டும் அந்த ஊர்ப் பத்திரிகையில் அச்சாகிவிட, ஒரே அமளி. அடுத்த வாரம் பார்ட் கரும்பலகையில் இனி நியூ ஆர்லியன்ஸை அவதூறு செய்யமாட்டேன் என்று எழுதவேண்டி வந்தது. பக்கத்துப் பாட்டு காதில் விழாமல் பகடியை மட்டும் தாளில் படித்தால் அது வெறும் வசவு.

மேடைக்கும் திரைக்கும் இல்லாத ஒரு நெருக்கடி தொலைக்காட்சிக்கு உண்டு: நேரம். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. முதல் பத்து நொடிக்குள் இது எந்த உலகம் என்று பார்ப்பவருக்குப் பிடிபட்டாக வேண்டும். அதனால் அடையாளத்தை மெட்டில் வைப்பதில்லை, ஓசையின் நிறத்தில் வைக்கிறார்கள். டிரம்மின் எதிரொலி எவ்வளவு, சின்தசைசர் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது, பாடகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், பின்னணிக் குரல்கள் எப்போது நுழைகின்றன என்பதெல்லாம் அந்த நிறத்தில் அடக்கம். கூடவே விளக்கு, உடை, காமிரா நகர்வு. மூல மெட்டிலிருந்து ஒரு ஸ்வரம்கூட எடுக்காமல், அட, இது அவங்க பாட்டு மாதிரியே இருக்கே என்று தோன்றவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். எச்பிஓவில் 2007 முதல் 2009 வரை வந்த 'ஃப்ளைட் ஆஃப் த கான்கார்ட்ஸ்' இதில் மன்னன். நியூசிலாந்துக்காரர்களான பிரெட் மெக்கன்சியும் ஜெமெய்ன் கிளெமென்ட்டும் நியூயார்க்கில் வாடகை கொடுக்கவே திண்டாடும் இரண்டு பாடகர்களாக நடித்தார்கள். கையில் காசில்லாமல் தெருவில் அலைவதை அவர்கள் பாடும்போது, பெட் ஷாப் பாய்ஸின் குளிர்ந்த, அலட்சியமான நகர்ப்புற ஓசை எழும். கேட்பவருக்கு அந்தக் குழுவைத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும், இவ்வளவு மிடுக்கான இசையில் இவ்வளவு பரிதாபமான வாழ்க்கையா என்ற முரண் போதும்.

வாங்கிய வடிவத்துக்கும் அதைப் பாடுகிற ஆளுக்கும் நடுவில் உள்ள அந்த முரண்தான் மொத்த விஷயமும் என்பது என் கட்சி. அதை நான்கு பருவங்களுக்கு, அதாவது நான்கு சீசன்களுக்கு, இழுத்துப் பிடித்துக் காட்டிய தொடர் 'கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்'. ரேச்சல் புளூமும் அலீன் பிராஷ் மெக்கென்னாவும் உருவாக்கி, 2015 அக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை அமெரிக்காவின் சிடபிள்யூ அலைவரிசையில் வந்தது. ரெபெக்கா பன்ச் நியூயார்க்கில் கொழுத்த சம்பளம் வாங்கும் வழக்கறிஞர். பதின்பருவத்தில் ஒரு கோடை முகாமில் பழகிய பையனைத் தெருவில் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு கலிஃபோர்னியாவில் அவன் இருக்கும் வெஸ்ட் கோவினாவுக்குக் குடிபெயர்கிறாள். 150க்கும் மேற்பட்ட சொந்தப் பாடல்கள். புளூம், ஜாக் டோல்ஜன், ஆடம் ஷ்லெசிங்கர் மூவரும் சேர்ந்து எழுதியவை. ஷ்லெசிங்கர் ஃபவுண்டன்ஸ் ஆஃப் வெய்ன் குழுவின் பேஸ் கிதார் கலைஞர். 1960களின் ஒரு கற்பனைக் குழுவைப் பற்றிய 1996ஆம் வருடப் படத்துக்கு, அந்தக் காலத்திலேயே வந்திருக்கக்கூடிய பாட்டு என்று சத்தியம் செய்யலாம் போன்ற ஒன்றை எழுதி ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். அப்படிப்பட்ட காது.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாட்டு. ரெபெக்கா ஒரு விருந்துக்குத் தயாராகிறாள். இசை மென்மையான ஆர் அண்ட் பி, கருப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்த பாணி. மெல்லிய விளக்கு, கிசுகிசுக் குரல். பெண் அழகாகிறாள் என்று அந்த வகைப் பாடல்கள் எப்போதும் சொல்கிற சங்கதி. ஆனால் காமிரா குளியலறைக்குள் போய்விடுகிறது. மெழுகு தடவி ரோமத்தைப் பிடுங்குகிறாள். உடம்பை இறுக்கும் உள்ளாடைக்குள் மூச்சுத் திணறத் தன்னைத் திணிக்கிறாள். சூடான முடிச்சுருட்டி கழுத்தைச் சுடுகிறது. வழக்கப்படி நடுவில் ஒரு ராப் பாடகர் வந்து நாலு வரி பாடவேண்டும். நிஜ ராப் கலைஞர் நிப்ஸி ஹசல் வருகிறார். அறையைச் சுற்றிப் பார்க்கிறார். பாட வாய் வரவில்லை. இத்தனை கொடுமையா என்று மிரண்டு, தான் இதுவரை மோசமாக நடத்திய பெண்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கிளம்பிப் போய்விடுகிறார். பாட்டு மறைக்கிற உழைப்பைப் படம் காட்டுகிறது, அந்த வகைப் பாட்டின் பிரதிநிதியே சாட்சி சொல்லிவிட்டு வெளியேறுகிறார். இதைவிடக் கறாரான இசை விமர்சனத்தைக் கட்டுரையாக எழுதிக்கூட நான் படித்ததில்லை.

அதே முதல் பருவத்தில் கிரெக் என்ற மதுக்கடைக்காரன் ரெபெக்காவிடம் தன் காதலைச் சொல்லும் பாட்டு கருப்பு வெள்ளைக்கு மாறுகிறது. வால்கோட்டு, பளிங்குத் தரை, ஹாலிவுட் நடன ஜோடியான ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் 1930களின் படங்களில் ஆடிய அதே மிதப்பு. அந்தப் படங்களில் ஆண் சந்தேகமே இல்லாதவன். ஆடினால் அவள் மயங்குவாள் என்று அவனுக்குத் தெரியும். கிரெக் பாடுவதோ, உனக்குப் பிடித்தவன் நான் இல்லை என்று தெரியும், கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படு என்ற கெஞ்சல். உடையில் தன்னம்பிக்கை, சொல்லில் தாழ்வு. அவன் சுபாவமே இந்த விரிசல்தான் என்பது அடுத்த ஒன்றரைப் பருவத்தில் தெரியவரும். பகடி இங்கே நகைச்சுவைக்கு மட்டும் வரவில்லை, பாத்திர அறிமுகமாகவும் வந்திருக்கிறது.

நான்காம் பருவத்தில் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்வது பெரிய விஷயமே இல்லை என்று ஒரு பாட்டு வரும். பளிச்சென்ற உடைகளில் கூட்டமாக ஆடும் 'லா லா லாண்ட்' தொடக்கப் பாட்டின் சாயல். அந்தப் படத்தின் வெயிலடிக்கும் உற்சாகத்தைக் கொஞ்சம் சீண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த உற்சாகத்தை அப்படியே உருவி, ஊரே மாத்திரை சாப்பிடுகிறது, நீயும் சாப்பிடு என்று சொல்லவும் பயன்படுத்திக்கொள்கிறது. கிண்டலா, நன்றிக்கடனா? இரண்டும். 2019இல் அந்தப் பாட்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது.

மரியாதை என்ற பக்கத்திலிருந்து வந்தவை இன்னொரு சிக்கலோடு போராடுகின்றன: ஆட்கள் ஏன் பாடுகிறார்கள்? மேடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நிஜம் போலவே நடக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு இது தொண்டையில் சிக்கிய முள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான 'பஃபி' தொடர் 2001 நவம்பரில் ஒரே ஒரு அத்தியாயத்தை இசை நாடகமாக்கியபோது, தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் ஒரு பிசாசைக் கொண்டுவந்தார். அது ஊருக்குள் வந்தால் எல்லோரும் பாடுவார்கள், பாடினால் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். இசை நாடகத்தின் ஆதார விதியே அதுதானே: பேச முடியாததைப் பாடு. அதையே சாபமாக்கிவிட்டார். தெருவில் ஒரு கூட்டம், சட்டையில் பட்ட கடுகுச் சாஸ் கறையை சலவைக்காரர் எடுத்துவிட்டார் என்று ஆனந்தக் கூத்தாடும் காட்சி சில நொடிதான் வருகிறது. அந்த மரபின் மீது உள்ள கேலி அதோடு சரி. மற்றபடி முழு அன்பு.

2021இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் வந்த 'ஷ்மிகடூன்!' தெரிந்தவன், தெரியாதவன் என்ற இரண்டு ரசிகர்களையும் கதைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. உறவு கசந்துகொண்டிருக்கும் ஒரு ஜோடி காட்டில் வழிதவறி, எல்லோரும் பாடும் ஓர் ஊரில் மாட்டிக்கொள்கிறது. உண்மையான காதல் கிடைக்காமல் வெளியேற முடியாது. மெலிசாவுக்கு இசை நாடகம் உயிர், ஜாஷுக்கு அலர்ஜி. அவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள், அவன் முகம் சுளிக்கிறான், நாம் இருவரில் யாராக வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். ஊரின் பெயர் 1947ஆம் வருட 'பிரிகடூன்' நாடகத்திலிருந்து; உள்ளே 'ஓக்லஹோமா', 'கரௌசல்', 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று பிராட்வேயின் பொற்காலம் முழுசும். சோள இனிப்பைப் பற்றி ஊரே கூடிப் பாடும் ஒரு பாட்டு உண்டு. கதைக்கு அதனால் ஒரு தம்பிடி பிரயோஜனம் இல்லை. பொற்கால நாடகங்களில் சாப்பாட்டைப் பற்றி வரும் இப்படிப்பட்ட பாட்டுகளைக் கேட்டவருக்கு அந்தப் பிரயோஜனமின்மைதான் நகைச்சுவை. அந்தப் பாட்டும் 2022இல் எம்மி வாங்கியது.

அந்தத் தொடரில் எனக்கு உச்சம் வேறு இடம். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டு உலகத்துக்கே தெரியும். மருத்துவரான மெலிசா அதே பாணியில், அதே கள்ளமற்ற துள்ளலில், பிள்ளை எப்படி உண்டாகிறது என்று ஊர்க்காரர்களுக்கு உடலுறுப்புகளின் பெயரோடு விளக்குகிறாள். அந்தக் கால இசை நாடகங்கள் காதலைப் பற்றி ஓயாமல் பாடின, உடம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவற்றின் குரலிலேயே உடைப்பது சாதாரண வேலை இல்லை. சொல்லப்போனால் தொடர் முழுக்க இந்தத் தரத்தில் இல்லை. சில இடங்களில், பார், இது அந்த நாடகம், இது இந்த நாடகம் என்று அடையாள அணிவகுப்பு மட்டும் நடக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் நாம் சிரிக்கிறோம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. 2023இல் வந்த இரண்டாம் பருவம் 1960, 70களின் இருண்ட நாடகங்களுக்குள் நுழைந்தது. அதற்குமேல் தொடர் நீடிக்கவில்லை.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ராய் ஆர்பிசன் பாட்டை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு பகடி செய்த வழக்கு வந்தது. நீதிபதி சூட்டர் எழுதிய தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது: மூலப் பாட்டைப் பற்றியே எதையாவது சொல்லும் பகடிக்கு அதிலிருந்து எடுத்தாள நியாயம் உண்டு, அந்தப் பாட்டை வைத்து வேறெதையோ கிண்டல் செய்பவர் ஏன் கடன் வாங்கினார் என்பதற்குத் தனியாகக் காரணம் சொல்லவேண்டும். 'ஃபேமிலி கை' தொடர் டிஸ்னியின் பழைய விண்மீன் பாட்டைத் திருப்பிப் போட்டபோது வந்த வழக்கு 2009இல் தொடருக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனாலும் வாராவாரம் வழக்கை எதிர்பார்த்துக்கொண்டு யார் எழுதுவார்கள்? ஒரு குறிப்பிட்ட மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். ஒரு பாணிக்கு யாரும் இல்லை. பாணியை மட்டும் எடு, மெட்டைத் தொடாதே என்ற தொழில் ஒழுக்கம் கலையிலிருந்து பாதி வந்தது என்றால், மீதி வக்கீல் நோட்டீஸ் பயத்திலிருந்து வந்தது.

பாணியை மட்டும் எடுத்தும் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. 1978இல் பிபிசியும் என்பிசியும் ஒளிபரப்பிய பீட்டில்ஸ் பகடிப் படத்தில், நகைச்சுவை நடிகர் எரிக் ஐடிலின் கற்பனைக் குழுவான ரட்டில்ஸுக்குப் பாட்டு எழுதியவர் நீல் இன்ஸ். பீட்டில்ஸ் தட்டுகளை மறுபடி கேட்காமல் நினைவிலிருந்தே எழுதினார். கேட்டால் காப்பி ஆகிவிடும் என்ற எச்சரிக்கை. ஜார்ஜ் ஹாரிசனே அதில் நிருபர் வேடத்தில் வந்து நடித்துவிட்டுப் போனார். பகடி செய்யப்பட்டவருக்கு ஆட்சேபணை இல்லை; பாடல் உரிமையை வைத்திருந்த நிறுவனம்தான் பாய்ந்தது. ராயல்டியில் பாதியை இன்ஸ் விட்டுக்கொடுக்கவேண்டியதாயிற்று. அவ்வளவு நன்றாக நினைவு வைத்திருந்ததற்குக் கட்டிய அபராதம் என்றுதான் சொல்லவேண்டும்.

மறுபடி ரெபெக்காவிடம் போகிறேன், ஏனென்றால் 2019 ஏப்ரல் 5ஆம் தேதி வந்த கடைசி அத்தியாயத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிராட்வேயில் 'பதினோரு மணிப் பாட்டு' என்று ஒரு வழக்கு உண்டு. அந்தக் காலத்தில் நாடகம் எட்டரைக்குத் தொடங்கும். பதினோரு மணி வாக்கில் நாயகி எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் பெரும்பாட்டு வரும். தொடரும் அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டை வைத்தது. முந்தைய பாடல்களின் துணுக்குகள் அதில் வந்து வந்து போகின்றன. இப்போது தொடர் தன்னைத்தானே மேற்கோள் காட்டுகிறது. நான்கு வருடமாகப் பார்த்தவர்தான் இங்கே விஷயம் தெரிந்த ரசிகர். இத்தனை பாட்டும் தன் மண்டைக்குள் நடந்தவை என்று தோழி பவுலாவிடம் ரெபெக்கா ஒப்புக்கொள்கிறாள். அஸ்டேரும் ஆர் அண்ட் பியும் வில்லன் பாட்டும் திவா பாட்டும் அவள் தன்னைப் புரிந்துகொள்ள இரவல் வாங்கிய அச்சுகள். தன் வாழ்க்கையில் இது எந்தக் காட்சி என்று தெரியாமல், இருக்கிற பாட்டுக்குள் எல்லாம் தன்னைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.

பிறகு அவள் பாட்டு எழுதக் கற்றுக்கொள்கிறாள். ஒரு வருடம் ஓடுகிறது. நண்பர்கள் சூழ்ந்திருக்கும் ஒரு சின்ன மேடையில் பியானோ முன்னால் உட்கார்கிறாள். இது நான் எழுதிய பாட்டு என்கிறாள். வாயைத் திறக்கிறாள். திரை இருள்கிறது.